எல்லம்மாள் எறிந்த சுவர்

காலையில் வேலைக்குப் போகிற வழியில் எல்லம்மாள் பிறர் வீட்டுச் சுவர்களில் கன்னத்தை ஒற்றிப் பார்ப்பாள். தலையில் சும்மாடும், அதன்மேல் கவிழ்த்த இரும்புச் சட்டியும் இருக்கும். சுவரோரம் வந்ததும் சட்டியை ஒரு கையால் பிடித்துக்கொள்வாள். தலையைச் சாய்க்காமல் உடம்பை மட்டும் சாய்த்து, இடது கன்னத்தை இரண்டு மூச்சு நேரம் சுவரில் வைத்திருப்பாள். பிறகு "ஊம்" என்பாள். அல்லது ஒன்றும் சொல்லாமல் போய்விடுவாள். கடைத்தெரு மளிகைக்காரர் ஒருமுறை, "இன்னா எல்லம்மா, செவுரு ஏதாவது ரகசியம் சொல்லுதா?" என்று கேட்டார். "ஆங், உங்க உப்பு மூட்டய இந்தப் பக்கம் வெக்காதன்னு சொல்லுது" என்று நடந்தபடியே சொன்னாள். அவர் சிரித்தார், மூட்டையை நகர்த்தவில்லை. அந்த ஐப்பசியில் மூட்டையின் அடிப்பாதி கரைந்து கடைக்குள்ளேயே ஓடியது.

கையால் தொட்டுப் பார்த்தால் ஆகாதா என்று நான் கேட்டிருக்கிறேன். பதிலுக்கு இரண்டு உள்ளங்கைகளையும் நீட்டினாள். இருபது ஆண்டுகளாகச் சுண்ணாம்பு தின்ற கைகள். ரேகை என்று ஒன்றும் மிஞ்சவில்லை. விரல் நுனிகள் தேய்ந்த நாணயம்போல் மழுங்கியிருந்தன. "இந்தக் கையி செத்துப்போச்சி வாத்தியாரய்யா. ஈரமா கீதா, காஞ்சி கீதான்னு இதுக்குத் தெரியாது. மூஞ்சி இன்னும் உசுரோட கீது" என்றாள். அதில் வருத்தம் தொனிக்கவில்லை. எந்தச் சாமான் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்வதுபோல் சொன்னாள்.

அவள் சித்தாள். சுண்ணாம்பை நீற்றுவது, சலிப்பது, சாந்து குழைப்பது, சுமப்பது, பூச்சு இறுகத் தண்ணீர் தெளிப்பது ஆகியவை அவள் வேலை. கணவன் துளசிங்கம் அரக்கோணத்தில் ஒரு கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்ததிலிருந்து ஒரு காலை ஊன்ற மாட்டான். வீட்டில் கயிறு திரிக்கிறான். அவனுடைய அண்ணன் வீராசாமி மேஸ்திரிதான் எல்லம்மாளைத் தன் கோஷ்டியில் சேர்த்துக்கொண்டார். அவரை அவள் 'பாவா' என்று அழைப்பாள். அவர்கள் வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். திட்டுவது, கேலி பேசுவது எல்லாம் தமிழில். எண்ணுவது மட்டும் தெலுங்கில். மதியச் சோற்றை மற்ற பெண்களோடு மரத்தடியில் உண்ண மாட்டாள். அன்று பூசிய சுவருக்கு எதிரே உட்கார்ந்து, அது காய்வதைப் பார்த்துக்கொண்டே உண்பாள். எந்தச் சுவரிலும் சாய்ந்து உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

ஒன்றை மட்டும் அவள் தொடக்கூடாது. அது கரண்டி. சாந்தை எடுத்துச் சுவரில் அப்பும் கரண்டி கொத்தனாருக்கு உரியது. பெண் அதைத் தொட்டால் பூச்சு நிற்காது என்று இந்தத் தொழிலில் ஒரு நம்பிக்கை. கரண்டி கீழே விழுந்தால்கூட அவள் எடுத்துக் கொடுப்பதில்லை, குரல்தான் கொடுப்பாள்.

அவளை நான் அறிய நேர்ந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில், திருத்தணியில் நாங்கள் வீடு கட்டியபோது. வீடு கட்டியதற்குக் காரணம் என் மனைவி மனோன்மணியின் மூச்சு. அதற்கு முன் நாங்கள் குடியிருந்த வாடகை வீடு மழைக்காலம் முழுதும் ஊறிக்கிடக்கும். ஐப்பசி பிறந்தால் அவளுக்கு இழுப்பு வந்துவிடும். தை வரைக்கும் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, எதிரே மேசையில் இரு கைகளையும் ஊன்றி, முன்னால் குனிந்தபடியே பகலைக் கழிப்பாள். பேச்சு நான்கு சொல்லுக்குமேல் போகாது. அரக்கோணத்து டாக்டர் மருந்துச் சீட்டை எழுதிவிட்டு, பேனாவை மூடிக்கொண்டே, "முதலில் காய்ந்த அறை, இதெல்லாம் பிறகு" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் கட்டினோம்.

மண் சாந்தில் கட்டிய செங்கல் சுவர். வாசல் கிழக்கு, அதன் இருபுறமும் ஒவ்வொரு தூண். தெருவைப் பார்த்த முன்னறைதான் மனோன்மணியின் அறை. வாடைக்காற்றோடு வரும் மழை நேரே மோதுவதும் அதன் முன்சுவரில்தான். ஆவணி கடைசியில் எல்லா வேலையும் முடிந்து, இந்த முன்சுவரின் வெளிப்பூச்சு மட்டும் மிஞ்சியிருந்தது.

வீராசாமி மேஸ்திரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வெளிப்பூச்சைப் பேச்சில் முடிவு செய்ய மாட்டார். சுவரில் முழ அகலத்துக்கு வெவ்வேறு பூச்சுகளைப் பூசிக் காட்டி, வீட்டுக்காரர் பார்த்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டுவிடுவார். எங்களுக்கு இரண்டு காட்டினார். ஒன்று அவருடைய கைவண்ணம்: கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்த மெல்லிய சுண்ணாம்பைப் பூசி, ஒரு வழவழப்பான கல்லால் நாள் முழுதும் தேய்த்துப் பளபளப்பாக்கியது. அந்தக் கல்லைத் துணிப்பையில் போட்டு இடுப்பிலேயே செருகியிருப்பார். "முகம் பாத்துப் பொட்டு வெச்சிக்கலாம்" என்பார். இன்னொன்று சிமெண்டு. சர்க்கார் பர்மிட்டில் கிடைத்ததில் மிஞ்சிய அரை மூட்டையில் பூசி, கருங்கல் அடுக்கியதுபோல் கோடு கிழித்திருந்தார்.

தாலுகா ஆபீஸ் குமாஸ்தா ஜெகநாதன் எதிர்வீட்டுக்காரர். தினமும் மாலையில் என்னோடு தெருவில் நின்று பார்ப்பார். மெட்ராஸில் இப்போதெல்லாம் சிமெண்டுதான் என்பது அவர் கட்சி. எனக்குப் பளபளப்பின்மேல் ஆசை. இருவரும் கழுத்தை இப்படியும் அப்படியும் சாய்த்து, வெயில் இறங்கும்வரை வாதிடுவோம். தோற்றம் என்பது என்ன, மெய்ம்மை என்பது என்ன என்று பத்து ஆண்டுகளாகப் படித்துக் குறிப்பெடுத்து வந்தவன் நான். வீட்டுக்கு முகம் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது தெருவில்தான் நின்றேன். அது தவறான இடம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லம்மாளுக்குத் தோன்றியிருக்கிறது. மூன்றாவதாக ஒரு பூச்சு உண்டு. நீர்த்த சுண்ணாம்புச் சாந்தில் பொடிக்கூழாங்கல்லைக் கலந்து, சுவரில் வீசி எறிந்து, அப்படியே தேய்க்காமல் விட்டுவிடுவது. அரக்கோணத்தில் ரயில்வே குடியிருப்புகள் கட்டியபோது அதைப் பார்த்திருக்கிறாள். அதன் ஆங்கிலப் பெயரான 'ரஃப்காஸ்ட்' அவள் வாயில் 'ரப்காஸ்'. இந்த வீட்டுக்கு அதைக் காட்டலாமே என்று வீராசாமியிடம் கேட்டிருக்கிறாள். கக்கூஸ் சுவருக்கு அடிப்பதை வாத்தியார் வீட்டு முகத்தில் அடிக்கச் சொல்கிறாயா என்று அவர் சிரித்திருக்கிறார். அன்று மதியம் அவர் சாப்பிடப் போன நேரத்தில் அவள் ஒரு கொட்டாங்கச்சியை எடுத்து, ஊரை ஒட்டிய நந்தியாற்றுக் கற்களைச் சலித்துச் சாந்தில் போட்டு, மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் தானே மூன்றாவதை எறிந்துவிட்டாள்.

திரும்பி வந்த மேஸ்திரி சுவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். "கரண்டிய எவ தொட்டது?"

"கரண்டி வெச்ச எடத்துலயே கீது பாவா. நான் கொட்டாங்கச்சியாலதான் எறிஞ்சன்."

மேஸ்திரி கரண்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சுரண்டிவிடு என்றார். இருக்கட்டும் என்றேன் நான். நியாயத்துக்காகச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், சுரண்டினால் தூசி பறக்குமே என்றுதான் சொன்னேன்.

பூச்சுகள் பத்து நாள் இறுகின. பிறகு அவள் காலையும் மாலையும் ஒவ்வொன்றின் மேலும் இருபது செம்பு தண்ணீரை வீசி அடிக்கத் தொடங்கினாள். "ஒகட்டி, ரெண்டு, மூடு" என்று எண்ணி எண்ணி, ஒன்றுக்குக் குறையாமல், ஒன்றுக்குக் கூடாமல். ஒரு வாரம் இப்படி. ஜெகநாதன் தம் வாசலில் நின்று, சுவரில் கீரை போட்டிருக்கிறதா என்று விசாரித்தார். எங்களைக் கிறிஸ்தவர்கள் என்று அறிந்திருந்ததால் அவள் மனோன்மணியிடம், "உங்க சாமிகிட்ட சொல்லி ரெண்டு நாள் மழைய முன்னாடி அனுப்பச் சொல்லுங்கம்மா. தண்ணி எறச்சி எறச்சி எனக்குத் தோளு கழண்டுபோச்சி" என்றாள்.

எட்டாம் நாள் காலை பின்வாசல் வழியாக வந்தாள். என்னைக் கூப்பிடவில்லை. மனோன்மணியைக் கூட்டிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். நான் பின்னால் போனேன். வெளிப்பூச்சுகளுக்கு நேராக, உட்சுவரில் கரியால் மூன்று வட்டம் போட்டு வைத்திருந்தாள். எது எந்தப் பூச்சுக்கு நேர் என்று சொல்லவில்லை. "நான் ஒண்ணும் சொல்ல மாட்டன். மூஞ்சிய வெச்சிப் பாத்து நீங்களே சொல்லுங்க."

மனோன்மணி வைத்தாள். முதல் வட்டத்தில் வைத்ததும் முகத்தைப் பின்னுக்கு இழுத்தாள். இரண்டாவதில் சற்று நேரம் யோசித்தாள். மூன்றாவதில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றாள். நானும் வைத்தேன். முதலாவது கிணற்றுச் சுவர்போல் சில்லென்று இருந்தது. மூக்கருகில் பழைய வாடகை வீட்டின் வாடை. இரண்டாவது அவ்வளவு மோசமில்லை, ஆனாலும் ஓரத்தில் ஈரம் பிசுபிசுத்தது. மூன்றாவது வெறும் சுவராக இருந்தது. சுவர் வெறும் சுவராக இருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று அதற்குமுன் நான் எண்ணியதில்லை.

முதலாவது நான் ஆசைப்பட்ட பளபளப்பு. இரண்டாவது கோடு கிழித்த சிமெண்டு.

பிறகுதான் எல்லம்மாள் விளக்கினாள். "வழவழன்னு கீற செவுத்துல தண்ணி ஒரே தாரையா எறங்கும்மா. மயிரு கனத்துக்கு ஒரு வெடிப்பு கெடச்சாப் போதும், பூந்துக்கும். அப்புறம் வெளிய வர வழி கெடையாது, உள்ள வந்துகினு இருக்கும். இது சொரசொரன்னு கீது. மழ வந்து கல்லுல மோதி செதறிப் பூடும். அது குடிக்கிற கொஞ்ச தண்ணியையும் வெயிலு வந்தா கக்கிடும்."

இந்தப் பேச்சின் கடைசிப் பகுதியை வாசலில் நின்று வீராசாமி கேட்டுக்கொண்டிருந்தார். கோபத்தில் அவர் குரல் உயரவில்லை, தாழ்ந்தது. திருத்தணியில் நாற்பது வீட்டு முகம் தன் கையால் பளபளக்கிறது என்றார். இப்படிச் சொறி பிடித்த சுவரைத் தெருவில் நிறுத்தினால் கிருத்திகைக்கு மலையேற வருகிற அத்தனை பேரும் தன் பெயரைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்றார். கடைசியில் எல்லம்மாளைப் பார்க்காமல், என்னைப் பார்த்துச் சொன்னார்: "இவ எறியறதா இருந்தா எறியட்டுங்க. நாளைலேருந்து என் வேலைக்கு வர வேணாம்."

அவர் கோஷ்டியை விட்டால் அவளுக்கு வேறு கோஷ்டி இல்லை; மேஸ்திரியின் உறவுக்காரியை இன்னொரு மேஸ்திரி சேர்த்துக்கொள்ள மாட்டார். துளசிங்கத்தின் கயிற்றில் இருவர் உண்ண முடியாது. அவள் சட்டியை எடுத்துக் கவிழ்த்து, அடியில் ஒட்டியிருந்த காய்ந்த சாந்தை நகத்தால் பெயர்த்துக்கொண்டிருந்தாள். நான் தொண்டையைச் செருமினேன். ஒருபக்கம் மேஸ்திரியின் பெயர், ஒருபக்கம் இவளுடைய பிழைப்பு, ஒருபக்கம் நான் ஆசைப்பட்ட பளபளப்பு என்று மூன்றையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவதாக ஒன்று என் பக்கத்திலேயே நின்றது.

"தெருவுல நிக்கிறவங்க எப்படியும் மூச்சு விட்டுக்குவாங்க மேஸ்திரி" என்றாள் மனோன்மணி. "நான் இதுக்குள்ள விடணும்."

வீராசாமி இடுப்புத் துணிப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அப்போது எல்லம்மாள், சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், மெதுவாகச் சொன்னாள்: "வாசத் தூணுக்கு ரப்காஸ் ஆவாது பாவா. வரவங்க போறவங்க தோளு ஒரசும், சேலை கிழியும். அது ரெண்டும் நீங்கதான் தேய்க்கணும். எனக்கு அது வராது."

அவர் வெளியே போய் வெற்றிலையைத் துப்பினார். வாய் கொப்பளித்தார். தூணைக் கீழிருந்து மேல்வரை ஒருமுறை பார்த்துவிட்டு, பையிலிருந்து கல்லை எடுத்தார்.

மூன்று நாள் அவள் எறிந்தாள். சித்தாள் சாரத்தில் ஏறுவதை எங்கள் தெரு அதற்குமுன் கண்டதில்லை. வேலையற்றவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். அவள் எறிவதில் பலம் தெரியாது. கொட்டாங்கச்சி நிறையச் சாந்தை எடுப்பாள், முழங்கை அசையாது, மணிக்கட்டு மட்டும் ஒரு சொடுக்கு. சோளப்பொரி பொரிவதுபோல் ஓர் ஓசை எழும். கற்கள் சுவரில் பதிந்திருக்கும். கீழே நாலைந்து கல்தான் சிந்தியிருக்கும். ஒரே அளவு, ஒரே தூரம், ஒரே சொடுக்கு. கீழே வீராசாமி தூணைத் தேய்த்துக்கொண்டிருந்தார். இருவரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அவர் தேய்க்கும் பக்கம் சிந்தாமல் இருக்க அவள் ஒரு கோணியைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள்.

"வாத்தியார் வீட்டுக்கு அம்மை போட்டிருக்குதே" என்றார் ஜெகநாதன், தெருவுக்குக் கேட்க.

"ஆமாங்க," என்றாள் சாரத்தின் மேலிருந்து. "வேப்பல கொஞ்சம் கொண்டாந்து கட்டி வுடுங்க. உங்க வூட்டுக்கு ஒட்டிக்கப் போவுது."

அந்த ஆண்டு ஐப்பசியில் மழை ஐந்து நாள் விடாமல் பெய்தது. நந்தியாற்றில் தண்ணீர் வந்தது. மூன்றாம் நாள் காலை, கோணியை மழைக்குக் கொங்காணியாகத் தலையில் போட்டுக்கொண்டு எல்லம்மாள் வந்தாள். வேலை இல்லாத நாள். இதற்காகவே நனைந்து வந்திருந்தாள். முகத்தைத் துடைக்கத் துணி கேட்டாள். ஈர முகம் பொய் சொல்லும் என்றாள். துடைத்துக்கொண்டு முன்னறைக்குள் போய், மூன்று வட்டமும் இருந்த இடங்களில் கன்னத்தை வைத்தாள். "காஞ்சி கீது" என்றாள். பிறகு மனோன்மணி பக்கம் திரும்பி, "எங்க, ஒரு மூச்சு இழுங்க" என்றாள்.

மனோன்மணி சிரித்துக்கொண்டே இழுத்தாள். எல்லம்மாள் சிரிக்கவில்லை. மனோன்மணியின் முதுகில் கன்னத்தை வைத்து, சுவரில் வைப்பதுபோலவே இரண்டு மூச்சு நேரம் இருந்தாள். "ஆங்" என்று சொல்லி, கொங்காணியை எடுத்துப் போட்டுக்கொண்டாள். காப்பி குடித்துவிட்டுப் போ என்றதற்குத்தான் நின்றாள்.

புகழ்வதில் எனக்குக் கை சுருக்கம். எனவே உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இழுப்பு அடியோடு போய்விடவில்லை. அந்த மார்கழியில் மூன்று நாள் வந்தது, மறு ஆண்டும் பனியில் எட்டிப் பார்த்தது. ஆனால் முக்காலி மேசையை விட்டு நகர்ந்துவிட்டது. இப்போது அதன்மேல் என் புத்தகங்கள் இருக்கின்றன. மனோன்மணி மழைநாளில் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் முடிக்கிறாள். சில சமயம் என்னைப் பற்றிய நீண்ட வாக்கியங்கள். அவற்றைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எல்லம்மாளின் நினைவு வரும். ஒரு மனிதருக்குக் கடமைப்பட்டிருக்கிறோம் என்பது இப்படித்தான் போலும்: நினைத்து வணங்கும் நேரம் என்று தனியே ஒன்று இல்லை, வீட்டில் யாரோ பேசுகிற சாதாரணச் சத்தத்திலேயே அது இருக்கிறது.

அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று கிறிஸ்துமசுக்கு ஒரு சேலை கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, இன்னொன்றும் கேட்டாள்: வீடு கட்டுகிறவர்களை அழைத்து வந்து எங்கள் முன்னறைச் சுவரைக் காட்டலாமா? சரி என்றோம். அன்றிலிருந்து மழைக்காலத்தில் எங்களுக்குத் தனிமை இல்லை. நான் படித்துக்கொண்டிருக்கும்போது கே.ஜி.கண்டிகையிலிருந்து வந்த ஒரு நெல் வியாபாரி, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, எனக்கு இரண்டடி தள்ளிச் சுவரில் கன்னத்தை ஒட்டி நிற்கிறார். "பேசாதீங்க, மூச்ச வுடாதீங்க, இப்ப சொல்லுங்க" என்று எல்லம்மாள் அவரை நடத்துகிறாள். போன ஆண்டு வந்தவர்களில் ஜெகநாதனும் ஒருவர். அம்மை அவர் வீட்டுக்கும் ஒட்டிவிட்டது.

வீராசாமி மேஸ்திரி இப்போது ரப்காஸ் வேலை ஒப்புக்கொள்கிறார். எறிவது எல்லம்மாள்தான். கரண்டியை அவள் இன்றும் தொடுவதில்லை, அவரும் தரவில்லை. நான்காவது கொட்டாங்கச்சி தேய்ந்துகொண்டிருக்கிறது. கடைத்தெருவில் எங்கள் வீட்டைப் பற்றிப் பேச்சு வந்தால், "தூணு ரெண்டும் என்னுது, செவுரு அவளுது" என்கிறார். முதல் ஆண்டு அவர் அதைப் பழியைத் தள்ளிவிடுவதுபோல் சொன்னார். இப்போது அப்படித் தெரியவில்லை.

எல்லம்மாள் தினமும் காலையில் எங்கள் தெரு வழியாகத்தான் போகிறாள். இரண்டு வீடு தள்ளிக் கன்னம் வைப்பாள், மூன்றாம் வீட்டில் வைப்பாள், எங்கள் சுவரில் வைப்பதில்லை. அது எனக்கு முதலில் ஒரு குறையாகவே இருந்தது. ஆனால் அவள் நிற்காமல் போவதில்லை. மாட்டு வண்டிச் சக்கரங்கள் தெருச் சேற்றை வீட்டு வாசல்களில் வாரி அடிக்கும். எங்கள் சுவரில் அது தெரியாது, பளபளக்கும் தூண்களில் தெரியும். அவள் சட்டியை இறக்கி வைக்கிறாள். தெருவை இருபுறமும் பார்க்கிறாள். முந்தானையை எங்கள் வாசல் தொட்டித் தண்ணீரில் நனைத்து, பாவாவின் தூண்களை ஒன்றன்பின் ஒன்றாகத் துடைக்கிறாள். கைக்குத் தெரியாது என்பதால், மணல் ஏதும் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க, அந்த வழவழப்பில் தன் கன்னத்தை வைக்கிறாள்.